விடிய விடியக் கூத்து: படமும் பாட்டும் விலகுவது ரேமால் அல்ல

கேள்வி, 2025 மே 4 (பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

அண்ணா, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடிய எடுத்தோம். மூன்று கேமரா, மேடைக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டர். கட்டியங்காரன் வரும் முதல் இடத்தில் வாயும் பாட்டும் ஒட்டி நிற்கின்றன. விடியற்காலைக் காட்சிக்குப் போனால் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். சிஸ்டத்தில் 16 ஜிபி ரேம்தான் இருக்கிறது. 32 போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

மே 4, இரவு 11 மணி

வாங்காதீர்கள் தம்பி. காசு எங்கேயும் போகாது, முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்.

டைம்லைனில் (மென்பொருளில் படத்தையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் இடம்) விலகல் அதிகம் தெரியும் இடத்தில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, அதை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். போனில் சரியாக ஓடினால் சிஸ்டம்தான் திணறுகிறது. அதற்கு ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் செய்துகொள்ளும் லேசான நகல் ஃபைல்) போட்டாலே போதும், ரேம் அப்புறம். போனிலும் விலகியே இருந்தால் சிஸ்டத்துக்கு இதில் பங்கே இல்லை. எத்தனை ஜிபி போட்டாலும் அதே விலகல் அப்படியே இருக்கும்.

மே 5, காலை

போனிலும் விலகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு எடுத்த ஃபுட்டேஜிலோ அடுக்கிய விதத்திலோ இருக்கிறது.

இனிமேல் எதையும் தொடாமல், எப்படி விலகுகிறது என்பதை மட்டும் பாருங்கள். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு விலகல் இருக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறதா, ஓர் இடத்தில் திடீரென்று தாவுகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் ஓர் இடம் ஒட்டும், மற்ற இடமெல்லாம் பிய்ந்துகொள்ளும்.

மணிக்கு ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டு ஃபிரேம் கணக்கில் எழுதி வையுங்கள். ஒரு பேப்பரில் எழுதினால் போதும். வாயைப் பார்த்து அளக்காதீர்கள். வேஷக்காரருக்கு மீசையும் அரிதாரமும் இருக்கும், உதடு தெரியாது. காலைப் பாருங்கள். அடவு போட்டுக் கால் தரையில் இறங்கும் ஃபிரேம் எது, சலங்கைச் சத்தம் அலைக்கோட்டில் எழும்பும் இடம் எது, இடையில் எத்தனை ஃபிரேம். 25 ஃபிரேம் டைம்லைனில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி.

மைக் செட்காரர் பென்டிரைவில் கொடுத்த ஒலி ஏதாவது போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது 44.1 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதும் கணக்கு) இருக்கும், வீடியோவின் 48ஓடு சேர்த்தால் அதனாலும் விலகும்.

மே 5, இரவு

ஆடுபவர் காலைப் பார்க்கும்படி எதற்காக அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று தனியே ஒருவர் கேட்டார்.

சில வருடங்களுக்கு முன்பு அரூர் பக்கம் ஒரு கூத்து எடுத்தேன். எடிட் முடித்து, மத்தளம் வாசித்த பெரியவரைக் கடைக்குக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். தட்டுவது நின்றுவிட்டது. "கால் பொய் சொல்லுதே தம்பி" என்றார். அளந்து பார்த்தேன், நான்கு ஃபிரேம். அதே படத்தை நான் பத்து நாள் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் அந்தக் காலுக்கு வாசித்த கைக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் வாசிப்பு இருப்பது அந்த ஒரு பதிவில்தான். அதனால்தான் கூத்துப் பதிவில் சிங்க் (படமும் ஒலியும் ஒட்டி நிற்பது) என்று யார் கேட்டாலும் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோவில் நான்கு ஃபிரேம் தப்பினால் பாட்டைப் போட்டு மூடிவிடலாம். கூத்தில் காலும் மத்தளமும் விலகினால் அதில் ஆட்டமே இல்லை.

மே 7

நேற்று முன்தினம் 44.1 பற்றி எழுதியது தவறு. இரண்டு பேர் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். எடிட்டிங் மென்பொருள் 44.1ஐத் தானே 48க்கு மாற்றிக்கொள்ளும், அதனால் மட்டும் நீளம் மாறாது. ஃபைலின் மேல் எழுதியிருக்கும் எண்ணே தவறாக இருந்து, 44.1ஐ 48 என்று நினைத்து ஓட்டினால்தான் விபரீதம். அப்போது வேகம் 8.8 சதவீதம் கூடிவிடும், சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறிவிடும். ஹார்மோனியக்காரர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். தம்பியின் கதை அது இல்லை.

மே 9

தம்பி அனுப்பிய கணக்கு முதல் கேமராவுக்கானது. எல்லோரும் பார்க்கட்டும் என்று இங்கே வைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஒலி 2 ஃபிரேம் பிந்துகிறது. இரண்டு மணி நேரத்தில் 4. இரண்டரை மணி நேரத்தில் 11. மூன்றரை மணி நேரத்தில் 13.

இதைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு நோய் ஒன்றாக இருக்கிறது. மணிக்கு 2 ஃபிரேம் என்று ஒரே சீராக வளர்வது ஒன்று. இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில் 6 ஃபிரேம் தாவுவது இன்னொன்று.

தாவலை முதலில் பார்ப்போம். ரெக்கார்டரில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்திருந்தீர்களா? அப்படியானால் விநாடிக்கு 2,88,000 பைட் எழுதும். பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் ஃபைலை முடித்து அடுத்ததைத் தொடங்கும். கணக்குப் போட்டால் 2 மணி 4 நிமிடத்தில் அந்த உடைப்பு வரும். டைம்லைனில் அந்த இடத்துக்குப் போய் முழுசாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏழு மணி நேர டைம்லைனைத் திரை அகலத்துக்கு வைத்தால் 6 ஃபிரேம் இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

மே 9, இரவு

இருந்திருக்கிறது! இரண்டாவது ஃபைலை இழுத்துப் போடும்போது ஸ்னாப் (துண்டுகளைத் தானே ஒட்டி வைக்கும் வசதி) அணைந்திருந்ததாம், நடுவில் கறுப்பாக 6 ஃபிரேம். ஒட்டி வைத்ததும் தாவல் போய்விட்டது. 4 மணி 8 நிமிடத்திலும் 6 மணி 12 நிமிடத்திலும் இதே உடைப்பு வரும், அங்கேயும் பெரிதாக்கிப் பாருங்கள்.

தாவல் என்றதும் இன்னொன்று. பழைய ஏவிசிஎச்டி கேம்கார்டர் வைத்திருப்பவர்கள் கார்டிலிருந்து எம்டிஎஸ் என்ற வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காப்பி செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். நீண்ட ஷாட் பல துண்டாக உடைந்திருக்கும்போது, எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற விவரம் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஒட்டும் இடத்தில் ஒலி சில ஃபிரேம் விழுந்துபோகும். பிரைவேட் என்ற ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுங்கள்.

மே 10

இப்போது வளரும் விலகல்.

கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம். இரண்டும் படிகத்தால் ஓடுகின்றன. எந்த இரண்டு படிகமும் ஒரே மாதிரி துடிக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்பது மிகச் சாதாரணம். அதுவே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி, ஏறத்தாழ இரண்டு ஃபிரேம். தம்பியின் கணக்கு அச்சாக அங்கேதான் வந்து நிற்கிறது. கருவி கெட்டுப்போகவில்லை, இரண்டும் நல்ல கருவிதான். கல்யாணத்தில் தாலி கட்டும் இருபது நிமிடத்துக்கு இது தெரியவே தெரியாது. ஏழு மணி நேரக் கூத்தில் அரை விநாடிக்கு மேல் போய்விடும்.

விலகல் மணிக்கு 3.6 விநாடி என்று பெரிதாக இருந்தால் கடிகாரத்தைச் சந்தேகப்படாதீர்கள். அது விநாடிக்கு 29.97 ஃபிரேம் என்பதை 30 என்று எடுத்துக்கொண்ட கதை.

சரி, எப்படித் திருத்துவது? வேகத்தை மாற்றலாம் என்று முதலில் தோன்றும். நான் பயன்படுத்தும் மென்பொருளில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் ஏற்கும். நமக்கு வேண்டியது 0.002 சதவீதம். 0.01 போட்டாலே ஐந்து மடங்கு அதிகமாகிவிடும். அதனால் நான் வெட்டித்தான் சரிசெய்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை, வசனம் முடிந்து அடுத்த தரு (கூத்துப் பாட்டு) தொடங்கும் முன் வரும் மூச்சில் ஒலியை வெட்டி, ஒரு ஃபிரேம் முன்னால் தள்ளி, ஒட்டில் சின்னக் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேயும்போதே அடுத்தது ஏறுவது). தருவின் நடுவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மே 12

காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டது தனி விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். அவரிடம் என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. கேமராவில் 4:2:2 10 பிட் எச்.265 (4:2:0ஐ விட நிற விவரம் அதிகம் வைக்கும் சுருக்கிய வீடியோ) எடுக்கிறார், ப்ரிவியூ துண்டு துண்டாக ஓடுகிறது. கார்டு பெரியதாக இருந்தும் ஏன் என்கிறார். அந்த வரிசை 4:2:0ஐ டிகோட் செய்யும் (சுருக்கத்தைத் திறக்கும்), 4:2:2ஐச் செய்யாது. 2025 தொடக்கத்தில் வந்த 50 வரிசைதான் செய்கிறது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் எச்.265 4:2:2 10 பிட்டைத் திறக்கும். பிராசசர் பெயர் எஃப் எழுத்தில் முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்பு) அது அணைந்திருக்கலாம். கார்டை மாற்ற லட்சம் தேடும் முன் இதைப் பாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் ப்ராக்ஸி. ராத்திரி படுக்கும் முன் போட்டுவிட்டால் காலையில் வெண்ணெய் மாதிரி ஓடும்.

மே 13

மே 10 அன்று ஒலியை வெட்டச் சொன்னேன். தம்பி அப்படியே செய்துவிட்டு ஒரு துண்டை அனுப்பியிருந்தார். ஹெட்போனில் கேட்டேன். முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகருவி) இழுக்கும் நீண்ட நாதத்தில் ஓர் ஒட்டு விழுந்திருக்கிறது. கிராஸ்ஃபேட் போட்டும் நூலில் முடிச்சு விழுந்த மாதிரி காதில் தட்டுப்படுகிறது.

யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன வழியே தலைகீழ். எப்படியும் மூன்று கேமராவுக்கு இடையில் படத்தை வெட்டத்தான் போகிறோம். வெட்டில் படம் ஒரு ஃபிரேம் நகர்ந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. காதுக்கு அப்படியில்லை. அதனால் ரெக்கார்டர் ஒலியைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே நீளமாக, வெட்டே இல்லாமல் விடுங்கள். படத்தை அதற்கு இழுத்து வையுங்கள். ஒலி பிந்துகிறது என்றால், ஒவ்வொரு அரை மணித் துண்டிலும் படத்தை ஒரு ஃபிரேம் பின்னால் (தாமதமாக வரும்படி) தள்ளுங்கள். உண்டாகும் இடைவெளியை வேறு கேமரா ஷாட்டால் மூடுங்கள்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி, உங்கள் இரண்டு நாள் வேலை போய்விட்டது. வெட்டியதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு மூல ஃபைலை மறுபடி போடுங்கள், திருத்த உட்காராதீர்கள்.

மே 15

தம்பியின் இரண்டாவது கேமரா ஒரு போன். அதன் விலகல் வளர்கிறது, குறைகிறது, மறுபடி வளர்கிறது என்கிறார். இது கடிகாரமாக இருக்க முடியாது, கடிகாரம் ஒரு பக்கமாகத்தான் போகும். மேடையில் வெளிச்சம் குறைந்தாலோ, போன் சூடானாலோ, அது ஃபிரேம்களை விட்டு விட்டு எழுதும். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் வைத்து மாற்றிவிட்டு, மாற்றியதை டைம்லைனில் போடுங்கள். மாற்றும் முன் போட்டதை வைத்துக்கொண்டு எவ்வளவு நகர்த்தினாலும் நிற்காது.

மே 18

மூன்றாவது கேமரா. இதைப் பற்றித்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு மெத்தை (மொட்டை மாடி) மேல் வைத்த கேமரா. விலகல் முதல் நிமிடத்திலும் 3 ஃபிரேம், கடைசியிலும் 3 ஃபிரேம், மாறவே இல்லை என்கிறார். அரை மணிக்கு ஒருமுறை நின்றுவிடும் கேமரா என்பதால் ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியே அலைக்கோட்டை வைத்துத் தானாகச் சிங்க் செய்திருக்கிறார். அதனால் கடிகார விலகல் வளர இடமே கிடைக்கவில்லை. அப்படியானால் அந்த 3 ஃபிரேம் எங்கிருந்து வந்தது? படம் முந்துகிறது: கால் இறங்கிய பிறகு சலங்கை கேட்கிறது.

மெத்தைக்கும் மேடைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நடந்து பார்த்துவிட்டுச் சுமார் 40 மீட்டர் என்றார்.

25 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போகும். ஒரு ஃபிரேம் நேரத்தில் ஏறத்தாழ 14 மீட்டர். 40 மீட்டர் என்றால் மூன்று ஃபிரேம் அளவு. மெத்தைக் கேமராவின் மைக்குக்குச் சலங்கைச் சத்தம் அவ்வளவு தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. ரெக்கார்டரோ மேடை ஓரத்தில். அலைக்கோட்டை அலைக்கோட்டோடு பொருத்தும்போது மென்பொருள் அந்தத் தாமதமான ஒலியை இழுத்து ஒட்டுகிறது, கூடவே படமும் மூன்று ஃபிரேம் முன்னால் வந்துவிடுகிறது. ஒலி மிகச் சரியாக ஒட்டியிருக்கிறது, படம் தப்பு.

மூன்றாவது கேமராவின் எல்லாக் கிளிப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 3 ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள். அவ்வளவுதான்.

இதை எழுதும்போதே எனக்கு அரூர்க் கூத்து நினைவுக்கு வந்தது. அந்த நான்கு ஃபிரேமை நான் இத்தனை வருடமாகக் கடிகார விலகல் என்றே நினைத்திருந்தேன். அன்று கேமரா நின்றது களத்தின் கடைசியில், ஜனங்களுக்குப் பின்னால். ஐம்பது மீட்டருக்குக் குறையாது. பழைய டிஸ்கை எடுத்து இன்று இரவு பார்க்கப் போகிறேன்.

மே 19

பார்த்தேன். தொடக்கத்தில் 4, நடுவில் 4, கடைசியில் 4. தூரம்தான்.

மே 24

அடுத்த மாதம் படுகளம் (பாரதக் கூத்தின் கடைசி நாள் நிகழ்ச்சி) எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள், கேட்டதால்.

ரெக்கார்டரை அடாப்டரில் மட்டும் ஓட விடாதீர்கள், உள்ளே பேட்டரியும் இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போனது, என் ஒன்றரை மணி நேர ஒலி 0 கேபி ஃபைலாக நின்றது. வேவ் ஃபைலின் தலைப்பை (எவ்வளவு நீளம் என்ற விவரத்தை) பல ரெக்கார்டர்கள் முடிக்கும்போதுதான் எழுதுகின்றன. தரவு கார்டிலேயே இருந்ததால், அந்தக் கார்டில் வேறு எதுவும் எழுதாமல் மீட்பு மென்பொருளில் எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ரா டேட்டாவாக (தலைப்பு இல்லாத வெறும் தரவாக) திறந்து காப்பாற்றினேன். எல்லா நேரமும் அப்படிக் கிடைக்காது.

மேடையில் டியூப் லைட் இருந்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/60 வைத்தால் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டில் அதை முழுசாக எடுக்க முடியாது.

திரைச்சீலையை இரண்டு பேர் பிடித்து வேஷக்காரர் பின்னால் நிற்கும் நேரம் உங்களுக்குக் கிடைத்த வரம். அந்த நேரத்தில் மேடை ஓரமாகப் போய் எல்லாக் கேமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒரு கை தட்டுங்கள். ஒவ்வொரு வேஷம் வரும்போதும் ஒன்று. கூத்து வாத்தியாரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அலைக்கோடு தப்பினாலும் இரண்டு உள்ளங்கை சேரும் ஃபிரேம் தப்பாது.

மே 31

தம்பி முழுப் படத்தையும் முடித்துவிட்டார். அர்ச்சுனன் தபசு ஏறும் பத்து நிமிடத்தை எனக்கு அனுப்பினார். மூன்று கேமராவும் மாறி மாறி வருகிறது. கண்ணை மூடி மேசையில் தட்டிக்கொண்டே கேட்டு, நடுவில் திறந்து பார்த்தேன். கை நிற்கவில்லை.

மெத்தை ஷாட்டில் ஒரே ஓர் இடத்தில், இரண்டாவது கிளிப் தொடங்கும் இடத்தில், இன்னும் ஒரு ஃபிரேம் முந்துகிறது. அதை மட்டும் பாருங்கள்.

கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு டிஸ்கில்தான் இருக்கிறது என்றீர்களே? இரண்டாவது டிஸ்கில் ஏற்றி, அந்த டிஸ்கிலிருந்தே விடியற்காலைக் கிளிப் ஒன்றைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை கார்டுகள் உறையிலேயே இருக்கட்டும்.